கன்னியப்பன் பாட்டில் பாடாத நாலு வரி

போன மாதம் நிவேதா என்ற பெண் போன் செய்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் மூன்று பேரோடு சேர்ந்து சனி, ஞாயிறுகளில் பாட்டு வாசிக்கிறாளாம். மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் நாங்கள் வாசித்த காலத்து கேசட் ஒன்று எப்படியோ அவள் கைக்குப் போயிருக்கிறது. அதில் இருக்கும் கன்னியப்பன் பாட்டை ரெக்கார்டு பண்ணலாமா என்று கேட்டாள். தாராளமாகப் பண்ணுங்கள் என்றேன்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். மூணாவது சரணம் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. வெறும் கடல் சத்தம்தான். அப்புறம் திரும்ப மேண்டலின் வருது. கேசட் கெட்டுப்போச்சா, இல்ல அங்க வரி ஏதாவது இருந்துதா?"

இருந்தது. நாலு வரி. ஒரே ஒரு சாயங்காலம் பாடினேன். அதற்குப் பிறகு, ரிசார்ட்டில் வாசித்த அத்தனை வருஷமும், ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷமும், குளிக்கும்போது கூட முணுமுணுத்ததில்லை. ஒருத்திக்குக் கொடுத்த வாக்கு அது.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன். அந்த நாளை வர பதினோரு நாளாயிற்று.

நான் ஏகாம்பரம். செங்கல்பட்டுக்காரன். என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். மேண்டலின் வாசிப்பவன் என்றால், கச்சேரியா சினிமாவா என்பார்கள். இரண்டும் இல்லை, புளூகிராஸ் என்றால், என் வீட்டுக்காரி முகத்தை என் சொந்தக்காரர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் மலையோர ஜனங்கள் பாடும் பாட்டு அது. சுரங்கம் இடிந்து செத்தவன், ரயில் கவிழ்ந்து செத்தவன், வெள்ளத்தில் போனவள், எல்லாரும் அதில் வருவார்கள். வார்த்தை அழுதுகொண்டிருக்கும், வாத்தியம் மட்டும் குதித்துக்கொண்டு ஓடும். முதன்முதலில் கேட்டபோது இதென்னடா எழவு வீட்டில் கல்யாண மேளம் என்றுதான் நினைத்தேன்.

மேண்டலின் கற்றுக்கொண்ட கதையில் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா ரயில்வே கேன்டீனில் சமையல். நான் கல்யாணக் கச்சேரி கோஷ்டிகளில் மூன்று நாலு வருஷம் சினிமாப் பாட்டு வாசித்துக் கை பழகினேன். அப்படி ஒரு கல்யாணத்தில் சாப்பிட வந்தவர்தான் ஜெரால்டு சார். ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியர். கூட்ஸ் வண்டியில் கார்டு. கச்சேரி முடிந்ததும் மேடை ஓரம் வந்து நின்றார்.

"நல்லா வாசிக்கிறே மேன். ஆனா ஏன் எல்லார் தோள் மேலேயும் ஏறி வாசிக்கிறே?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ரிசார்ட்டில் வாரம் ஐந்து சாயங்காலம் வாசிக்கப் பேசி முடித்து, என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்தில் சிற்பம் கற்க வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தோல் கட்டிய தன் ஐந்து தந்தி பேஞ்சோவையும் ஒரு பை கேசட்டையும் இவரிடம் விட்டுப் போயிருந்தார். ஜெரால்டு சார் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பைதான். பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்துக்குக் கோவளத்திலிருந்து மஸ்தான் பாய் வந்தார், வயலினுக்குத் திருப்போரூரிலிருந்து வரதன். ஆக நாலு பேர்.

நாலு பேருக்கும் ஒரே மைக். இதைக் கேட்டால் நிவேதா சிரிப்பாள். இப்போது ஆளுக்கொரு மைக், காதுக்குள் ஆளுக்கொரு குமிழ். எங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டாண்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு மைக். யார் அதன் கிட்டே போகிறாரோ அவர் சத்தம் கேட்கும், விலகினால் கேட்காது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்களிடம் இருந்த ஒரே கருவி கால்தான்.

ஜெரால்டு சார் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருப்பார். பாடுகிறவனுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண். மேண்டலினுக்கு இரண்டு சாண். பேஞ்சோ வெண்கலக் கடை மாதிரி சத்தம் போடும் என்பதால் மூன்று தப்படி. பாஸ் எல்லாருக்கும் பின்னால். தன் முறை வந்தவன் வலது தோளை முன்னால் விட்டு நுழைய வேண்டும், முடித்தவன் இடது பக்கமாக விலக வேண்டும், இரண்டு பேரும் உரசக்கூடாது. வாத்தியமே இல்லாமல் இந்த நடையை மட்டும் ஒரு மாதம் பழகினோம். படகுக் கொட்டகையில் நாங்கள் வெறுங்கையோடு முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்த மேனேஜர், "என்ன சார், என்.சி.சி.யா?" என்று கேட்டார்.

முதல் வாரத்திலேயே நான் வரதன் மூக்கில் மேண்டலின் தலையால் இடித்தேன். ரத்தம் வந்தது. ஜெரால்டு சார் பேஞ்சோவின் ஐந்தாவது தந்தியை முறுக்கிச் சுதி பார்க்க ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் வராது. சொன்னது பிடிக்கவில்லை என்றாலும், செய்தது தப்பு என்றாலும், சுதி பார்ப்பார். எவ்வளவு நேரம் பார்க்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு. "திட்டிட்டா கூட பரவால்லபா, இந்த மனுசன் முறுக்கிகினே கீறாரு, பேஜாரா கீது" என்பார் மஸ்தான் பாய்.

அந்தச் சாயங்காலங்கள் இப்போது எனக்கு ஒரே சாயங்காலமாகத்தான் ஞாபகம் வருகின்றன. சூரியன் எங்களுக்குப் பின்னால், சவுக்குத் தோப்புக்கு அந்தப்பக்கம் இறங்கும். கடல் முதலில் ரோஜா நிறமாகும், பிறகு சாம்பல், பிறகு நிறம் என்று சொல்ல முடியாத ஒன்று. விருந்தாளிகள் இறால் வறுவலைக் கொறித்துக்கொண்டு காலால் தாளம் போடுவார்கள். சில பாட்டுகளில் நான் மைக்கை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேனா, மிதந்துகொண்டிருக்கிறேனா என்றே தெரியாது. அப்போது வயதும் அப்படி.

ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே தமிழிலும் நாலு பாட்டு இருக்கட்டுமே என்று ஜெரால்டு சார்தான் ஆரம்பித்து வைத்தார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் நிலா, தென்றல் என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் சுதி பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"பேரைச் சொல்லு மேன். ஊரைச் சொல்லு. கிழமையைச் சொல்லு. இன்ன ஆளு, இன்ன இடம், இன்ன நாளு. அப்பதான் கேக்கறவன் நம்புவான்."

அவர் பையில் இருந்த கேசட்டுகளில் எல்லாப் பாட்டும் அப்படித்தான். ரயில் கவிழ்ந்தால் டிரைவர் பேர் இருக்கும், வளைவின் பேர் இருக்கும். நானும் பிடித்துக்கொண்டேன். திருப்போரூர் சந்தையில் பஸ் பஞ்சராகி நின்றதைப் பாட்டாக எழுதினேன், கண்டக்டர் பேரோடு. அவர் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டு, எங்கள் நாலு பேருக்கும் ஒரு வாரம் டிக்கெட் கிழிக்கவில்லை. பாட்டில் பேர் வருவது எல்லாருக்கும் சந்தோஷம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அதில் பேரும் கிழமையும் மட்டும் உண்மையாக இருந்தால் போதும், மீதியைக் காதுக்கு ஏற்ற மாதிரி இட்டு நிரப்பலாம் என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட விதி. அதை ஜெரால்டு சாரிடம் சொன்னதில்லை.

தேசம்மா ரிசார்ட் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவள். வடக்கே இரண்டாவது குப்பம். மழைக்காலத்தில் பேஞ்சோவின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும் என்பதால், தந்தூரி அடுப்பருகே காட்டிச் சூடேற்ற நானும் ஜெரால்டு சாரும் சமையற்கட்டுப் பின்வாசலுக்குப் போவோம். அங்கே கூடையோடு உட்கார்ந்திருப்பாள். "இன்னா அண்ணாத்த, உன் வாத்தியத்துக்கு குளிர் ஜொரமா?" என்று கேட்பாள். அவள் புருஷன் கன்னியப்பன் சில நாள் கூட வருவான். பேச மாட்டான். எங்கள் பாட்டுக்குத் தலையை மட்டும் ஆட்டுவான், அதுவும் தாளம் தப்பி.

ஓர் ஐப்பசி செவ்வாய்க்கிழமை கருக்கலில் கன்னியப்பன் கட்டுமரத்தில் தனியாகப் போனான். மத்தியானம் காற்று மாறியது. அவன் திரும்பவில்லை. எட்டாம் நாள் கட்டுமரம் மட்டும் கல்பாக்கத்துக்குத் தெற்கே கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை.

குப்பத்தில் பெரியவர்கள், அவன் கட்டின வேட்டியை வைத்துக் காரியத்தைச் செய்துவிடலாம் என்றார்கள். தேசம்மா ஒப்பவில்லை. ஆந்திராக்காரன் போட் எதுவாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கும், மனுஷன் வந்துவிடுவான் என்றாள். தாலியைக் கழற்றவில்லை. பூ வைத்துக்கொண்டு மீன் கூடையோடு வந்தாள். சமையற்கட்டில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அவன் தலையாட்டல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கார்த்திகையில் பாட்டை எழுதினேன். அழுதுகொண்டுதான் எழுதினேன், அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் சரணத்தில் பேரும் செவ்வாய்க்கிழமையும். இரண்டாவதில் காற்று. மூன்றாவதில் கரையில் நிற்கும் பெண். நாலாவதில் அவனை எங்கேயாவது படுக்க வைக்க வேண்டியிருந்தது. ஊர் பேர் வேண்டுமே. கன்னியப்பன் என்றால் அதற்கு எதுகையாக என்ன வரும்? வன்னிப்பாரு என்று மஸ்தான் பாய் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. சட்ராசுக்கு நேரே கடலுக்குள் முங்கிக் கிடக்கும் ஒரு பாறை. கரையிலிருக்கும் கோபுரத்தையும் மலையையும் ஒரே கோட்டில் வைத்து அடையாளம் பார்த்து அங்கே மீனுக்குப் போவார்களாம். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆழத்தைக் கடல்காரர்கள் பாகக் கணக்கில், இரண்டு கை விரித்த நீளத்தில், சொல்வார்கள்; அதற்கு ஓர் எண் வேண்டும். எட்டா, பத்தா என்று பார்த்தேன். பன்னெண்டுதான் காதுக்கு இழைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாடினேன். நாலாவது சரணம் முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. ஜெரால்டு சார் முதல் முறையாக என் தோளைத் தட்டினார். அவ்வளவு சந்தோஷமான நடை நான் அதற்கு முன்னும் பின்னும் மைக்கிலிருந்து நடந்ததில்லை. பின்வாசல் படியில் தேசம்மா உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் படகுக் கொட்டகைக்கு வந்தாள். கூடை இல்லை. நானும் ஜெரால்டு சாரும் தந்தி துடைத்துக்கொண்டிருந்தோம். திட்டப் போகிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் கண்ணில் கோபம் இல்லை, ஓர் அவசரம்தான் இருந்தது.

"அண்ணாத்த, நீ பாத்தியா? இல்ல பாத்தவங்க வந்து சொன்னாங்களா?"

"எதம்மா?"

"வன்னிப்பாருல கீறாருன்னு பாடினியே. இங்க வர்ற வெள்ளக்காரனுங்க கண்ணாடி மாட்டிகினு முங்கி முங்கி பாக்கறானுங்களே, அவனுங்க எவனாச்சும் பாத்துட்டு சொன்னானா? எந்தப் பக்கமா கெடந்தாராம்? எங்க தம்பி மூர்த்தி விடியறதுக்கு முன்னவே போயிட்டான். காத்து சரியில்ல, போவாதன்னு எல்லாரும் சொன்னாங்க. கேக்கல. நீ பாறைக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

ஜெரால்டு சார் என்னைப் பார்த்தார். அவர் கை சுதி முறுக்கும் இடத்துக்குப் போகவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பேரும் இடமும் நாளும் சேர்த்துச் சொன்னால் மேடைக்கு முன்னால் அது பாட்டு. அவளுக்கு அது தகவல். கடலில் போனவனைப் பற்றி இன்ன பாறை, இத்தனை பாகம் என்று ஒருவன் சொன்னால், அந்தக் குப்பத்தில் யாரும் அழகுக்குச் சொன்னான் என்று நினைக்க மாட்டார்கள். போட்டை எடுப்பார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் அவளோடு குப்பத்துக்குப் போனோம். அலை கரைக்கு மேல் ஏறி வலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் கடலுக்குப் போகவில்லை. ஜனங்கள் மணலில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். மூர்த்திக்கு ஏதாவது ஆனால், அவனைக் கொன்றவன் நான். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கடல் மட்டும், ஒன்றும் நடக்காத மாதிரி, பளபளவென்று அழகாக இருந்தது.

மத்தியானத்துக்கு முன் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி போட் ஆயிற்று. மூர்த்தி கரையேறி மணலில் உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது.

"பன்னெண்டு பாகம்க்கா" என்றான். "கல்ல கட்டி கவுறு உட்டு பாத்தேன். பாட்டுல சொன்ன மாரியே கீது. பன்னெண்டு, ஒரு மொழம் கூட இல்ல கொறய இல்ல. கொக்கி போட்டு இஸ்தேன், இதான் வந்துது."

ஒரு வலைத்துண்டு. தேசம்மா அதைக் கையில் வாங்கி முடிச்சு முடிச்சாகப் பார்த்தாள்.

"இது அவுருது இல்ல. அவுரு முடிச்சு வேற."

"நாளைக்கு ரெண்டு போட்டா போறோம்" என்றான் மூர்த்தி. "எடம் சரியா கீது. இந்தாளு தெரிஞ்சிதான் சொல்லிகீறாரு. நாலு பேரு போனா எட்த்துடலாம்."

நாலு பேர் அங்கேயே தலையாட்டினார்கள். அலையைப் பார்த்தேன். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

"மூர்த்தி, போகாதீங்க. நான் யாரையும் பாக்கல. யாரும் எனக்குச் சொல்லல. வன்னிப்பாரு எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. எதுகைக்காகப் போட்டேன்."

"எதுகைன்னா இன்னா?" என்று கேட்டாள் தேசம்மா.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது மாதிரி எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை. "கன்னி, வன்னி. பன்னெண்டு, இன்னும். கேக்க ஒரே மாதிரி இருக்கணும்னு. அவ்வளவுதாம்மா."

"அதுக்கோசரமா?"

நான் தலை குனிந்தேன். மூர்த்தி துள்ளி எழுந்து என் சட்டையைப் பிடித்தான். ஜெரால்டு சார் குறுக்கே வரவில்லை. பிடிக்கட்டும் என்றுதான் நின்றார். தேசம்மாதான் அவன் கையை எடுத்துவிட்டாள்.

"உட்றா. பாட்டு கட்றவன். பொய் சொல்றது அவன் பொயப்பு."

ஓர் அறை வாங்கியிருந்தால் கூட ஒரு வாரத்தில் மறந்திருக்கும்.

போகும்போது அவளிடம் கேட்டேன், அந்தப் பாட்டையே விட்டுவிடட்டுமா என்று. வலைத்துண்டை மணலில் போட்டாள். "பாடிக்க. அவுரு பேரு நாலு காதுல உயட்டும். போனாருன்ற வரைக்கும் பாடு. அதுக்கு மேல பாடாத." சரி என்றேன். வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, மூன்று சரணத்தோடு முடித்துவிடலாமா என்று ஜெரால்டு சாரைக் கேட்டேன். அவர் அரை மணி நேரம் சுதி பார்த்தார். பிறகு, எதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி, தன் பழைய வேலையைப் பற்றிப் பேசினார்.

"வண்டி நடு வழியில நின்னுபோச்சுன்னா கார்டு என்ன செய்யணும் தெரியுமா மேன்? வண்டியில உக்காந்திருக்கக் கூடாது. எறங்கி, வந்த வழியே பின்னால நடக்கணும். இங்க ஒண்ணு நின்னுட்டிருக்குன்னு அடுத்து வர்றவனுக்குத் தெரியணும்."

அப்படித்தான் அந்த வெற்றிடம் வந்தது. மூன்றாவது சரணம் முடிந்ததும் நாலு பேரும் வாத்தியத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல், ஒரே அளவில் பின்னால் நடப்போம். ஆறு தப்படி. மைக் தனியாக நிற்கும். பக்கத்தில் ஆள் இல்லை என்றால் அந்த மைக் தூரத்தில் இருப்பதை எடுக்கும். நூறு அடி தள்ளிக் கிடந்த கடல் ஸ்பீக்கர் வழியாக வரும். விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். நாலாவது சரணம் நீளும் நேரம் வரைக்கும் நின்றுவிட்டு, திரும்ப நடந்து வந்து, மேண்டலினில் முடிப்பேன்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பல வருஷம், வாரம் ஒரு முறை, அரை நிமிஷம் அந்த இருட்டும் வெளிச்சமும் கலந்த மணலில் நின்றிருக்கிறேன். கன்னியப்பன் தாளம் தப்பித் தலையாட்டுவது சில நாள் தெரியும்.

தேசம்மா மீன் கொடுக்க வந்துகொண்டுதான் இருந்தாள். என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். அண்ணாத்த என்பது மேண்டலினு ஆயிற்று, அதுவும் வழியை மறித்து நின்றால் மட்டும். சில வருஷத்தில் ரோட்டோரத்தில் சொந்தமாகக் கடை போட்டு, ரிசார்ட்டுக்கு வருவதையும் நிறுத்தினாள். ஜெரால்டு சார் போய்ச் சேர்ந்தார். மஸ்தான் பாய் மகன் வீட்டோடு போனார். புதுசாக இரண்டு பையன்கள் வந்தார்கள், நல்ல பையன்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என் இடது மோதிர விரல் மடங்க மாட்டேன் என்றது. நானும் விலகிக்கொண்டேன், இடது பக்கமாக, யாரையும் உரசாமல்.

நிவேதா போன் செய்த பன்னிரண்டாம் நாள் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். தேசம்மா மறுத்துவிடுவாள் என்று நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் கேட்காமல் நிவேதாவுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் மறுக்கட்டும் என்றுதான் போனேன். அந்த வெற்றிடத்தை இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் ஒருமுறை சொல்லிக்கொள்ள ஆசை.

ஈ.சி.ஆர். ரோட்டில் பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து சங்கரா மீனைச் சீவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்திலும் ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு வந்த காரியம் மறந்துவிட்டது.

"இன்னா மேண்டலினு, வழி தப்பி வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் பாடப் போகிறார்கள், நாலாவது சரணம் கேட்கிறார்கள், நீ பாடாதே என்றதால் இதுநாள் வரை பாடவில்லை, காகிதம் கூட இல்லை.

அவள் கத்தி நிற்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே, ராகம் இல்லாமல், யாருக்கோ விலை சொல்வது போல் சொன்னாள்:

"கன்னியப்பன் தூங்குறான் கண்ணு தெறக்கல
வன்னிப்பாரு மடியில வலயே மெத்தையா
பன்னெண்டு பாகம் தண்ணி பாரம் தெரியல
இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் எழுப்ப வேணாமே."

ரோட்டில் லாரி ஒன்று போனது.

"ஒரு தடவதானே கேட்டே?" என்றேன்.

"ஒரு தபா போதாதா?"

செதிலைத் தட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"ஏழு வருசம் காத்துகினு இருந்தேன். ஆந்திரா, அந்தமானுன்னு சொல்லாத ஆளு இல்ல, போவாத கோயிலு இல்ல. அப்பால ஒரு ஆடி அமாவாசைக்கு, போதும்னு தோணிச்சி. மூர்த்திய கூட்டிகினு வன்னிப்பாருக்கு போயி பால் ஊத்தினேன். அங்கதான் தாலி, வளவி எல்லாத்தையும் அவுத்து போட்டேன். வருசா வருசம் போறோம்."

"தேசம்மா, அது நான் எதுகைக்காக…"

"தெரியும் போ. நீ சொன்னது மறந்துடுமா? பொய்யிதான். அதுக்கு இன்னா இப்ப?" முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்கும் போயி நிக்க ஒரு எடம் கீது. எனக்கு கடலு மொத்தத்தையும் காட்டி உட்டாங்க. மொத்த கடலுக்கும் எப்டி அண்ணாத்த பால் ஊத்தறது? உன் பாட்டுலதான் ஒரு எடம் இருந்துது."

அண்ணாத்த என்று சொன்னதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. நான் குடைக் கம்பிக்குப் பின்னால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஏன் சொல்லல? நான் இத்தனை வருஷமா பாடாமலே நின்னேனே."

"நீ கேக்கவே இல்லியே" என்றாள். "பாடச் சொல்லு அதுங்கள. எடத்த மாத்திடப் போறாங்க, பாத்துக்க."

பஸ்ஸுக்கு நிற்கும்போது நிவேதாவுக்குப் போன் செய்தேன். கன்னியப்பன் நிஜமாகவே கடலுக்குப் போய்த் திரும்பாதவன் என்று சொல்லிவிட்டு, வரி வரியாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது, பஸ் இரைச்சல்தான் காரணம் என்று அவள் நினைத்திருப்பாள்.

"சார், இது நெஜமா நடந்ததுன்னு சொன்னீங்கல்ல. அவர் அந்த இடத்துலதான் இருக்காரா?"

"ஆமாம்மா" என்றேன். "அங்கேதான் இருக்கார்."